கொட்டகைக்குப் போன ஐந்து பனை

எங்கள் வயலோரத்தில் ஒரு கொட்டகை நிற்கிறது. கரும்பு ஆட்டுவதற்காகப் போட்டது. இப்போது அதற்குள் ஆலையும் கிடையாது, கரும்பும் கிடையாது. வைக்கோல்தான் அடைத்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அண்ணாந்து முகட்டைப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, என்னா பனங்கை! எங்கண்ணே பிடிச்சீங்க இம்புட்டு வைரம் பாஞ்ச மரத்தை?" என்று கேட்பார்கள். பனங்கை என்பது பனைமரத்தைப் பிளந்து செதுக்கின கூரைச் சட்டம். "மாமனார் ஊர்ல இருந்து வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெம்பு இருந்ததில்லை. இன்றைக்கு உட்கார்ந்து முழுசாகச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

நாங்கள் சோழவந்தானுக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாயும் ஊர். சுற்றிலும் நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால். அப்பா போன பிறகு நிலம் என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இளந்தாரித் திமிர். நெல் போட்டால் எவன் மதிப்பான், கரும்பு போடுவோம் என்று இறங்கினேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நானாகப் போய் விழுந்தேன்.

கரும்பு இனிப்பு என்று சொல்கிறவன் அதைக் கடையில் வாங்கித் தின்கிறவன். மாசியில் கரும்பைக் கணுக் கணுவாக நறுக்கி ஊன்றினால் மறு தை வரைக்கும் அது மனுசனை விடாது. ஊன்றின நாளிலிருந்து தண்ணீர், தண்ணீர், தண்ணீர். எட்டு நாள் தள்ளிப் போனால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். தண்ணீர் காட்டினால் களை வரும். களை எடுத்தால் எரு கேட்கும். எரு வைத்தால் மண் அணைக்கச் சொல்லும். ஆள் உயரம் வந்ததும் காய்ந்த தோகையை உரிக்க வேண்டும். தோகையின் ஓரம் அரம் மாதிரி. கை, கழுத்து, காது மடல் ஒன்று பாக்கி இல்லாமல் கீறும். அதில் வேர்வை பட்டால் எரியும் பாருங்கள், பெற்றவளைக் கூப்பிட வேண்டியதுதான். பிறகு காற்றில் சாய ஆரம்பிக்கும். நாலு நாலாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். நரி வரும். பக்கத்து வயல்காரன் மடையை அடைப்பான், அவனோடு மல்லுக்கு நிற்க வேண்டும். இத்தனையும் முடிந்து வெட்டி, ஆட்டி, காய்ச்சி, வெல்லம் உருட்டி, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, இனி ஒரு வாரம் தூங்கலாம் என்று வீட்டுக்கு வருவேன். அதற்குள் வெட்டின கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து நிற்கும், தண்ணீர் எங்கே என்று.

அந்தக் களைப்பைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அதைச் சாக்காகச் சொல்கிறேனா என்றும் எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரி. அது மேட்டுக்காட்டு ஊர். பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் காட்டு வழியாகத்தான் நடந்தோம். செம்மண், கால் வைத்தால் சுட்டது. பச்சை என்று கண்ணில் பட்டது பனை மட்டும்தான். வாய்க்கால் கரையிலேயே வளர்ந்தவன் இல்லையா நான், "இம்புட்டு மரத்துக்கும் யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டுவிட்டேன். கூட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்கு யாரு மாப்ள ஊத்துவா? அதுபாட்டுக்கு நிக்கும்" என்றார், என்னமோ நான் நியாயமான கேள்வி கேட்ட மாதிரி. கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன்னாலேயே என்னை மாப்ள என்றதில் எனக்கு ஒரு கர்வம்.

அவரிடம் பதினைந்து பனை இருந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளை பிறந்தால் நிற்கிற மரங்களில் ஐந்தை அந்தப் பிள்ளைக்கு என்று குறி வெட்டி விட்டுவிடுவார்கள். நிலம் அப்பனுடையது, மரம் பிள்ளையுடையது. இரண்டு மகன்களுக்குப் பத்து, கடைசி மகளுக்கு ஐந்து. தனக்கென்று அவர் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி செத்த பிறகு மகன்கள் வீட்டில் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று பேர் மரத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தார். கல்யாணப் பந்தலில், "எம் மகளுக்கு நகைநட்டு பெருசா இல்ல. அந்த அஞ்சு மரம் இருக்கு. அது அவளது" என்று என் பக்கம் கை கூப்பிச் சொன்னார். எங்கள் பக்கத்துச் சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பனையைச் சீதனம் என்று எங்கள் ஊரில் எவனும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்த ஐந்து மரமும் வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாசியிலிருந்து ஆனி வரை அந்த ஊர்ப் பனையேறி பாளை சீவிப் பதநீர் இறக்குவார். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பனையேறிக்கு உண்டானது போக, என் மனைவியின் பங்கைப் பனையோலைக் கொட்டானில் அடுக்கி, வாய் தைத்து, ஆடி பிறந்ததும் மாமனார் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ரோட்டுக்கு வந்து மோட்டார் வண்டி, மதுரையிலிருந்து ரயில், சோழவந்தானில் இறங்கி நடை. உச்சி வெயிலுக்கு எங்கள் வாசலில் வந்து நிற்பார். நிற்பார் என்றால் நிற்பார்தான். நான் வெளியே வந்து "வாங்க மாமா" என்கிற வரைக்கும் உள்ளே கால் வைக்க மாட்டார். சொன்னதும் கொட்டானை இறக்கிவிட்டு வருடம் தவறாமல் ஒரே வாக்கியம்: "மரத்துக்காரிகிட்ட அவ பண்டத்தைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." பெண் கொடுத்த வீட்டுக்குக் காரணம் இல்லாமல் வந்துவிடவில்லை என்று எங்களுக்கெல்லாம் தெரிய வேண்டுமாம்.

பிறகு அப்பனும் மகளும் கொல்லையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவள் அங்கேயே ஒரு கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொள்வாள். அவர் மரங்களைப் பற்றிச் சொல்வார். கிழக்கு மரத்தில் இந்த வருடம் பாளை கம்மி, பள்ளத்து மரம் நல்லாச் சுரந்தது, நடு மரத்தில் கிளி கூடு வைத்திருக்கிறது. அவள் கூடப்பிறந்தவர்களை விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக விசாரிப்பாள். பொழுது சாய்வதற்குள் எழுந்துவிடுவார். "ராத் தங்கிட்டுப் போங்கப்பா" என்று அவள் கெஞ்சினாலும் கேட்க மாட்டார். வருடத்தில் ஒரு நாள், அதிலும் அரை நாள். அவ்வளவுதான் அவர் மகளைப் பார்த்தது.

ஆரம்ப வருடங்களில் எனக்கும் அவளுக்கும் விளையாட்டுச் சண்டை நடக்கும், கரும்பு உசத்தியா பனை உசத்தியா என்று. "எங் கரும்புல எதுவும் வீண் கிடையாது. சாறு வெல்லம், சக்கை அடுப்புக்கு, நுனிக் கொழுந்தாடை மாட்டுக்கு" என்பேன். "அம்புட்டுத்தானா?" என்பாள். "எங்க மரத்துல ஓலை கூரைக்கு, மட்டை வேலிக்கு, நாரு கட்டிலுக்கு. நுங்கு, பழம், கெழங்கு, அப்புறம் கருப்பட்டி. ஒரு செம்புத் தண்ணி கேக்குமா? ஒரு கூடை எரு கேக்குமா?" "பலன் தர இருவது வருசம் ஆகுமே, அதச் சொல்லு" என்பேன். "காத்திருக்கத் தெரிஞ்சவுகளுக்குத்தான் அது" என்று முகத்தை வெட்டிக்கொண்டு போவாள். ஒரு தடவை நான், "இந்த நாலு வட்டுக் கருப்பட்டியைச் சுமந்துக்கிட்டு இம்புட்டுத் தூரம் வரணுமா உங்கப்பா? யாருகிட்டயாச்சும் குடுத்துவிட்டா ஆகாதா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "கருப்பட்டிய விடுங்க. அது இல்லாட்டி எங்கப்பா இந்த வாசலுக்கு வருவாரா?" என்றாள். அதை நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். கேட்கவில்லை என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

கல்யாணமாகி ஐந்தாவது வருடமோ ஆறாவதோ. அந்தத் தையில் கரும்பு நன்றாக வந்திருந்தது. ஆலை என்றால் இப்போது மாதிரி எஞ்சின் இல்லை. மூன்று இரும்பு உருளை, மேலே நீளமாக ஒரு கழி, அதில் மாட்டைப் பூட்டிச் சுற்ற விட வேண்டும். சாறு ஒழுகி அண்டாவுக்கு வரும், அங்கிருந்து காய்ச்சுகிற கொப்பரைக்கு. மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. மாட்டுக்குப் பின்னாலேயே சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலும் தலை சுற்றியது. நாலாம் நாள் பார்த்து, கூலிக்கு வெல்லம் காய்ச்ச வருகிற அண்ணனுக்குக் குளிர் காய்ச்சல். போர்த்திப் படுத்துவிட்டார். பிழிந்த சாற்றை வைத்திருக்க முடியாது, புளித்துவிடும். நான் குத்துக்கல் மாதிரி கொப்பரை முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவள்தான் என்னைப் பார்த்து, "நீங்க செத்த நேரம் படுங்க. மூஞ்சியப் பாருங்க, பேயறைஞ்சாப்ல இருக்கு. நான் காய்ச்சுறேன். எங்கூர்ல நான் காய்ச்சாததா?" என்றாள். எனக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சக்கைக் குவியலில் சாய்ந்ததுதான் தெரியும்.

அவள் ஊரில் பதநீர்க் கலயத்துக்கு உள்ளே தாராளமாகச் சுண்ணாம்பு பூசித்தான் மரத்தில் கட்டுவார்கள். பூசாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். எங்கள் கரும்புச் சாற்றுக்கும் சுண்ணாம்பு உண்டு; ஆனால் அழுக்குத் திரண்டு மேலே வருவதற்கு மட்டும், கொஞ்சம் தெளிநீர் எடுத்துத் தெளித்தால் போதும். அவள் பனைக்குப் போடுகிற கைக்குப் போட்டிருக்கிறாள். சாறு சிவந்திருக்கிறது. பிறகு கறுத்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரியாக இருந்தால் அங்கேயே அலறியிருப்பாள். இவளுக்குக் கறுப்பதுதானே பக்குவம்! இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும் என்று தீயைத் தள்ளியிருக்கிறாள். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக வந்து என்னை உலுக்கி எழுப்பினாள். "எந்திரிச்சு வந்து பாருங்க! எங்கூருப் பண்டங் கணக்கா நெறம் வந்துருக்கு!"

போய்ப் பார்த்தேன். பொன் நிறத்தில் இருக்க வேண்டிய வெல்லம் தார் மாதிரி கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் சோப்பை நக்கின மாதிரி சவக்காரம். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. நான் திரும்பிப் போய்ச் சக்கையிலேயே விழுந்தேன். திட்டக்கூட உடம்பில் சத்து இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு கொப்பரை வெல்லம், போனால் போகிறது. எனக்குத்தான் புத்தி கோணலாகப் போயிற்று. அந்தக் கறுப்பு உருண்டைகளை ஒரு கூடையின் அடியில் போட்டு, மேலே நல்ல வெல்லத்தை அடுக்கி, மற்றக் கூடைகளோடு மதுரைக்குக் கொண்டுபோனேன். கீழமாசி வீதியில் எங்கள் சரக்கை எடுக்கிற பாய், அப்பா காலத்திலிருந்து பழக்கம். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அவர் கூடைக்குள் கையை விட்டால் நேரே அடிக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் கொண்டுபோனேன்.

பாய் ஒரு கறுப்பு உருண்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினார். "மாப்ள, கரும்பு வயித்துல கருப்பட்டில்ல பொறந்துருக்கு! தாயி எந்த ஊரு?" கடையே சிரித்தது. அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். என் மனைவி எந்த ஊர் என்றோ, யார் காய்ச்சினது என்றோ அவருக்கு என்ன தெரியும்? அந்தக் கூடையை மட்டும் ஒதுக்கிவிட்டு, "இத வீட்டுக்குக் கொண்டுபோங்க. மத்ததை இறக்கச் சொல்லுங்க. டீ குடிக்கிறீங்களா?" என்று தன் வேலையைப் பார்த்தார். எனக்கு மானம் கப்பலேறிப் போயிற்று. ஒளித்து வைத்தது நான். ஆனால் வழி நெடுக நான் திட்டிக்கொண்டு வந்தது அவளை.

வீட்டுக்கு வந்து கூடையை நடுமுற்றத்தில் கவிழ்த்தேன். "பனங்காட்டுல பொறந்தவளுக்குக் கொப்பரை எதுக்குடி? உன்னால ஊரு சிரிக்குது" என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். "நீங்க அசந்து போயிருந்தீக, அதான்…" என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. சிதறின உருண்டைகளைப் பொறுக்கி ஒரு பானையில் போட்டு வைத்தாள். அந்த வருடம் முழுக்க அவள் மட்டும் அந்தச் சவக்கார வெல்லத்தைப் போட்டுக் காப்பி குடித்தாள். வீட்டில் வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "அதத் தூக்கிக் கொட்டு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சித்திரையில் கோடை மழையோடு ஒரு காற்று அடித்தது. கரையான் அரித்த மூங்கில். ஆலைக் கொட்டகை அப்படியே உட்கார்ந்துவிட்டது. மறுபடி மூங்கிலே போட்டால் மறுபடி கரையான். பனங்கை போட்டால் இரண்டு தலைமுறைக்கு நிற்கும் என்றார்கள். எனக்கு உடனே அந்த ஐந்து மரம் ஞாபகத்துக்கு வந்தது. அவளிடம் நான் கேட்கவில்லை. ஆடி வரட்டும் என்று இருந்தேன்.

ஆடி பிறந்தது. மாமனார் கொட்டானோடு வந்து வாசலில் நின்றார். அன்றைக்கு நான் "வாங்க மாமா" என்று சொன்னேனா, வெறும் தலையை ஆட்டினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தலையைத்தான் ஆட்டியிருப்பேன். கொஞ்ச வருடமாக அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. வயலிலிருந்து வந்து விழுகிறவனுக்கு ஒரு வார்த்தைகூடப் பாரமாக இருந்தது. அவர் கொட்டானை இறக்கி, அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். நான் சுற்றி வளைக்காமல், "மாமா, அந்த அஞ்சு மரமும் கொட்டகைக்கு வேணும்" என்றேன்.

அவர், "மரம் அவளது மாப்ள. அவதான் சொல்லணும்" என்று மகளைப் பார்த்தார். "என்னம்மா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியாது என்று அவள் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கறுத்த கொப்பரை அவள் வாயை அடைத்திருந்தது. அது அடைத்திருக்கும் என்று தெரிந்துதான் நான் கேட்டேன். "வெட்டிக்கிரட்டும்ப்பா" என்றாள், தரையைப் பார்த்து.

"அப்பச் சரி. ஆவணில ஆளக் கூட்டிட்டு வாங்க மாப்ள" என்றார் அவர். அன்றைக்கு அவர்கள் கொல்லையில் அதிக நேரம் உட்காரவில்லை.

ஆவணியில் இரண்டு மாட்டு வண்டியும் மரம் அறுக்கிற ஆட்களுமாகப் போனேன். அவரே முன்னால் நின்று எந்த மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று சொன்னார். ஆட்களுக்குக் கூழ் கரைத்து வைத்திருந்தார். "கெழக்கு மரம் கொஞ்சம் வளைசல் மாப்ள, அதுல ரெண்டு கை கம்மியாத்தான் வரும்" என்று எனக்கு நஷ்டம் வந்துவிடப் போகிற மாதிரி சங்கடப்பட்டார். பழக் காலம், சில பாளையைச் சீவாமல் பழத்துக்கு விட்டிருப்பார்கள். மரம் விழ விழப் பழுத்த பனம்பழமெல்லாம் தெறித்து உருண்டன. ஆட்கள் மரத்தைப் பிளந்து நடுவில் இருக்கிற பஞ்சு மாதிரிச் சோற்றை வழித்துக்கொண்டிருந்தபோது, அவர் குனிந்து குனிந்து அந்தப் பழங்களைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலும் மனுசனுக்குப் பழம் கேட்கிறதா என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வண்டிக்காரனிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

மேலூர், மதுரை வழியாக வண்டிகள் ஊர் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. கொட்டகை எழுந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். அந்தத் தையில் அதன் கீழேதான் ஆட்டினோம். காய்ச்சுகிற அண்ணன் வந்துவிட்டார். என் மனைவி கொட்டகைப் பக்கம் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவள் அண்ணாந்து முகட்டைப் பார்த்து நான் கண்டதில்லை.

மறு ஆடி பிறந்தது. அவள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அன்றைக்கு வழக்கத்துக்கு மேல் ஒரு உழக்கு அரிசி போட்டாள். உச்சி வெயில் ஆயிற்று. யாரும் வரவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அளவாக உலை வைத்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மரத்தை வெட்டினதற்காக மனுசன் முறுக்கிக்கொண்டு இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அடுத்த வருடம் அவர்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தோம். முறுக்கு எதுவும் இல்லை. எனக்கு அவரே இலை போட்டுப் பரிமாறினார். கிளம்பும்போது என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒரு நாள் வாங்களேன்" என்றாள். "வாரேம்மா, வாரேன். அதுக்கு ஒரு காலம் வரட்டும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மோட்டார் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? ஒவ்வொரு வருடமும் கரும்பு என் உயிரை வாங்கியது. ஒரு வருடம் செந்தாழை நோய் விழுந்து பாதிக் கரும்பு உள்ளே சிவந்து அழுகியது. ஒரு வருடம் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. யுத்தம் வந்ததும் நெல் போடு, நெல் போடு என்று அதிகாரிகள் ஊருக்குள் வந்தார்கள். யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி நான் கரும்பை விட்டேன். ஆலையைக் கழற்றிக் கொடுத்தாயிற்று. கொட்டகை மட்டும் நின்றது. பனங்கையைக் கரையான் தொடவில்லை. இடி விழுந்தாலும் அசையாது. யாருக்கு வேண்டும்?

சீனிக்கு ரேஷன் வந்த சமயம் அது. கருப்பட்டிக்காகச் சனங்கள் அலைந்தார்கள். என் மனைவியும் சந்தையில் வாங்கிவந்தாள். பிரித்து, ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினாள்.

அந்த வருடம்தான் மாமனார் போய்விட்டார் என்று ஆள் வந்தது. மரத்தை வெட்டி ஒன்பது வருடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எடுக்கிற நேரம். எல்லாம் முடிந்து மறுநாள், பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். பனையேறி வந்தார். மாமனாருக்கு மரம் ஏறிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆள், தலை நரைத்துவிட்டது. என் மனைவியிடம், "தங்கச்சி, ஒரு எட்டு காட்டுக்கு வந்துட்டுப் போ" என்றார். நானும் எழுந்து போனேன்.

வெட்டின ஐந்து அடிக்கட்டையும் மக்கிக் கறுத்துக் கிடந்தன. ஒவ்வொரு கட்டைக்குப் பக்கத்திலும் ஒரு வடலி, இளம் பனை. இடுப்பளவு உயரம், விசிறி விசிறியாக ஓலை. கிழக்கே ஒன்று, பள்ளத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பழைய இடம் மாறாமல் நின்றன.

"மரம் விழுந்த அன்னைக்குப் பொறுக்குன பழந்தான்" என்றார் பனையேறி. "அந்தக் கொட்டையைத்தான் மறுவாரம் பொதைச்சாரு. தங்கச்சி மரத்தோட வித்து தங்கச்சிக்கேன்னு. நாங்கூடக் கேட்டேன்: ஐயா, இது பாளை தள்ள இருவது வருசம் ஆகும். அதுக்குள்ள ஒரு நடை போயி மகளைப் பாத்துட்டு வாங்களேன்னு. மக வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப்பா போறதுன்னுட்டாரு. ஒவ்வொரு ஆடிக்கும் நாங் கேப்பேன். ஒவ்வொரு ஆடிக்கும் அதே பதில்தான்."

அவருக்கு அந்தக் கொட்டையைப் புதைக்கும்போதே அறுபது தாண்டியிருக்கும். எண்பது வயதில் தலையில் கொட்டானோடு என் வாசலில் வந்து நிற்கலாம் என்று இருந்திருக்கிறார்.

அவள் அழவில்லை. நேற்றே அழுது முடித்திருந்தாள். நடு வடலியின் ஓலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பழக்கதோஷம், "தண்ணி கிண்ணி ஊத்தணுமா?" என்று பனையேறியைக் கேட்டேன். "அதுக்கு எதுக்கு?" என்றார் அவர். எரு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், களை எடுக்க வேண்டாம். காத்திருந்தால் போதும். எனக்கு வராதது அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது மோட்டார் வண்டியில் கூட்டம். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலூர் வரும் முன்னால், வெளியே பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"வருசம் முழுக்க வாசல்ல நின்னுருப்பாரு, நீங்க வாங்கன்னு சொல்ற வரைக்கும். அப்படிப்பட்ட மனுசர். சும்மா வாங்க மாமான்னு நீங்க ஒரு தடவை சொல்லியிருந்தா வந்திருப்பாருங்க. அந்த ஒரு வார்த்தைதான்."